அக்குளில் ஒரு கட்டி: அஞ்சுவதா, ஆராய்வதா?

குளிக்கும்போதோ ஆடை மாற்றும்போதோ அக்குளில் ஏதோ திரண்டிருப்பது விரல்களுக்குத் தட்டுப்படுகிறது. பட்டாணி அளவுதான். வலியும் இல்லை. இந்நிலையில் மனம் இரண்டு வழிகளில் ஓடும். ‘சூட்டுக் கட்டியாக இருக்கும், தானே அடங்கிவிடும்’ என்று மறந்துவிடுவது ஒரு வழி. ‘புற்றுநோயாக இருக்குமோ’ என்று அஞ்சி, எவரிடமும் சொல்லாமல் நாள்களைக் கடத்துவது மற்றொரு வழி. இரண்டும் இறுதியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. மருத்துவரைக் காண்பதில் ஏற்படும் காலதாமதமே அது.

அக்குள் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் தீங்கற்றது எது, கவனிக்க வேண்டியது எது என்பதைப் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. இந்த அறிவு எல்லோருக்கும் பயன்படும் என்றாலும், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருக்கு அதன் தேவை இன்னும் கூடுதல். அங்கு அக்குளில் நெறிகட்டுவதற்குத் தீவுகளுக்கே உரிய சில காரணங்கள் உள்ளன என்பது ஒன்று. மேல்சிகிச்சைக்குக் கடல் கடக்க வேண்டியிருப்பது இன்னொன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளின் மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். ஆகவே அங்குள்ள தமிழ்க் குடும்பங்களை மனத்தில் கொண்டு இச்செய்திகளைக் காண்போம்.

அக்குள் என்னும் சங்கமம்

பேச்சு வழக்கில் கக்கம் என்று சொல்லப்படும் அக்குள், வெறும் தோல் மடிப்பன்று. அதன் கொழுப்புத் திசுவுக்குள் ஏறத்தாழ 20 முதல் 40 வரை நிணநீர்க் கணுக்கள் புதைந்துள்ளன. இரத்த ஓட்டத்தைப் போலவே நம் உடலில் நிணநீர் ஓட்டமும் உண்டு. திசுக்களிடையே தேங்கும் நீர்மம், அதில் கலந்த கிருமிகள், சிதைந்த உயிரணுக்கள் ஆகியவற்றை நிணநீர்க் குழாய்கள் ஏந்திவருகின்றன. கணுக்கள் அவற்றை வடிகட்டுகின்றன. அங்குள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்த்துப் போரிடுகின்றன. போர் மும்முரமாகும்போது கணு வீங்குகிறது. இதைத்தான் நம் மக்கள் ‘நெறிகட்டியிருக்கிறது’ என்கின்றனர்.

கை, தோள், மார்பின் மேற்பரப்பு, முதுகின் மேற்பகுதி, மார்பகம் ஆகியவற்றின் நிணநீர் பெரும்பாலும் அக்குளுக்கே வந்து சேர்கிறது. எனவே அக்குளில் கட்டி தோன்றினால், ‘இங்கு என்ன வந்தது?’ என்பதோடு, ‘எங்கிருந்து வந்தது?’ என்றும் கேட்க வேண்டும். மருத்துவர் அக்குளைத் தொட்டுப் பார்த்தபின் விரல் நகங்களையும் மார்பகத்தையும் கழுத்தையும் சேர்த்துப் பரிசோதிப்பது இதனால்தான்.

அன்றாடக் காரணங்கள்

முதலில் தோலிலேயே தோன்றும் கட்டிகள். வியர்வையும் உராய்வும் மிகுந்த இடம் அக்குள். முடி மழிக்கும்போது ஏற்படும் நுண்ணிய கீறல் வழியாகக் கிருமி நுழைந்தால் முடிவேரில் சிறு கொப்புளம் உண்டாகும். அது சீழ்க்கட்டியாகவும் வளரலாம். சிவப்பு, சூடு, வலி ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். தீவுகளின் ஈரப்பதம் மிகுந்த வெப்பநிலையில் இது மிக இயல்பு. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்து ஒற்றடம் கொடுப்பதும், இறுக்கமான ஆடையைத் தவிர்ப்பதும் பெரும்பாலும் போதுமானவை. கட்டியைப் பிதுக்குவது மட்டும் கூடாது. கிருமி ஆழமாகப் பரவ அது வழிவகுக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டு அக்குள்களிலும் ஆண்டுக்கணக்கில் மாறிமாறிக் கட்டிகள் தோன்றி, உடைந்து, தழும்பாகி, மீண்டும் வருமானால் அது சாதாரணக் கொப்புளமாக இராது. முடிவேர்கள் அடைபட்டு நீடித்த அழற்சி உண்டாகும் ஒரு தோல்நோய் அது. தூய்மைக் குறைவால் வருவதன்று; பிறருக்குத் தொற்றுவதுமன்று. வெட்கப்பட்டு மறைக்காமல் தோல் மருத்துவரைக் கண்டால் அதற்குச் சிகிச்சை உண்டு.

மென்மையாக, விரலுக்கடியில் வழுக்கி நகரும் வலியற்ற கட்டி, கொழுப்புக் கட்டியாக இருக்கக்கூடும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் சில பெண்களுக்கு அக்குளில் வீக்கம் தோன்றும். மார்பகத் திசுவின் ஒரு பகுதி அக்குள் வரை நீண்டிருப்பதே இதற்குக் காரணம். இவை பொதுவாகத் தீங்கற்றவை. எனினும் ஒருமுறை மருத்துவர் பார்த்து உறுதிசெய்வது முறை.

அடுத்து, கையில் ஏற்படும் புண்ணால் நெறிகட்டுதல். மீன் முள் குத்துவது, தேங்காய் உரிக்கும்போது கை கிழிபடுவது, பவளப்பாறை உரசுவது ஆகியவை கடலோர வாழ்வில் அன்றாடம் நேர்பவை. விரலில் பட்ட காயம் சீழ்ப்பிடித்தால் அதே பக்கத்து அக்குளில் வலியுடன் நெறிகட்டும். காயம் ஆற ஆற வீக்கமும் சில வாரங்களில் வடியும். பூனை பிறாண்டியபின் ஓரிரு வாரங்களில் நெறிகட்டுவதும் உண்டு. பூனையின் நகத்திலுள்ள ஒருவகை பாக்டீரியா அதற்குக் காரணம்.

தடுப்பூசியும் ஒரு காரணம். பிறந்த குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுகிறது. அதன்பின் இடது அக்குளில் சிறு வீக்கம் தோன்றினால் பெரும்பாலும் அது தானே அடங்கும். பெரிதானாலோ சீழ் வைத்தாலோ மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோவிட் தடுப்பூசிக்குப் பின்னரும் பலருக்கு ஊசி போட்ட பக்கத்தில் சில வாரங்கள் நெறிகட்டியது நினைவிருக்கலாம்.

தீவுகளுக்குரிய காரணங்கள்

இனி, தீவுகளுக்கெனக் கவனிக்க வேண்டியவை.

முதலாவது யானைக்கால் நோய். இந்தியாவின் பிற பகுதிகளில் இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிக்கும். நுண்புழுக்களும் இரவிலேயே இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும். ஆகவே இரத்தப் பரிசோதனை இரவில் நடைபெறும். ஆனால் நிக்கோபாரின் நான்கவுரித் தீவுக்கூட்டத்தில் நிலைமை வேறு. நான்கவுரி, கமோர்ட்டா, கச்சால், தெரேசா முதலான தீவுகள் அடங்கிய அப்பகுதியில் பகலிலும் நுண்புழுக்கள் இரத்தத்தில் உலவும். பகலில் கடிக்கும், மரப்பொந்துகளில் தேங்கும் நீரில் பெருகும் ஏடிஸ் வகைக் காட்டுக் கொசு ஒன்று அங்கு நோயைப் பரப்புவதை 1990களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்தியாவில் இத்தகைய பகல்வகை யானைக்கால் நோய் காணப்படும் ஒரே பகுதி இதுவே. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

யானைக்கால் என்றதும் வீங்கிய காலே நம் கண்முன் நிற்கிறது. உண்மையில் அப்புழுக்கள் குடியிருப்பது நிணநீர்க் குழாய்களிலும் கணுக்களிலும். கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடை இடுக்கிலும், சிலருக்கு அக்குளிலும், காய்ச்சலுடன் வலிமிகுந்த நெறிகட்டி, சில நாள்களில் அடங்கி, மீண்டும் வரும். அக்குளிலிருந்து கையை நோக்கிச் சிவந்த கோடு இறங்குவதும் உண்டு. அந்த நிலையிலேயே கண்டறிந்தால் பின்னர் நேரும் ஊனத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். யானைக்கால் நோயை ஒழிக்க ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் நாட்டில் 2004இல் தொடங்கியது. நான்கவுரியில் அதற்குத் துணையாக, டி.இ.சி. மருந்து கலந்த உப்பை மக்களுக்கு வழங்கி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் ஆய்வு நடத்தியது; நோய்ப்பரவல் கணிசமாகக் குறைந்தது. மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். தமிழகத்திலும் நன்கு அறியப்பட்ட இக்காய்ச்சல் அந்தமானிலும் அண்மைக் காலத்தில் பதிவாகியுள்ளது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. கடித்த இடத்தில் வலியோ அரிப்போ இல்லாமல், சிகரெட்டால் சுட்டது போன்ற கருமையான பொருக்கு உண்டாகும். உடலின் மறைவான மடிப்புகளையே சிற்றுண்ணி நாடுவதால், அக்குள் அதற்கு விருப்பமான இடம். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக் கடுங்காய்ச்சல், தலைவலி, நெறிகட்டுதல் ஆகியவை தொடங்கும். தோட்டத்திலோ காட்டோரத்திலோ வேலை செய்தவருக்குக் காய்ச்சல் ஐந்து நாள்களாக நீடித்தால், அவருடைய அக்குளையும் இடுப்பு மடிப்புகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கருநிறப் பொருக்கு தென்பட்டால் அதை மருத்துவரிடம் காட்டுவதே பாதிச் சிகிச்சை. டாக்சிசைக்ளின் என்னும் விலைமலிவான மருந்தால் குணமாகும் நோய் இது. கவனியாமல் விட்டாலோ நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும்.

மூன்றாவது காசநோய். நுரையீரலுக்கு வெளியே காசநோய் தாக்கும் இடங்களில் நிணநீர்க் கணுக்களே இந்தியாவில் முதன்மையானவை. கழுத்தில் வருவது அதிகம், அக்குளிலும் வரும். இருமல் இல்லாமலேயே வரக்கூடும் என்பதால் பலரும் இதை ஐயுறுவதில்லை. வலியின்றி மெல்ல வளரும் கணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சில வேளை உடைந்து நீண்ட நாள் கசியும். மாலைநேரக் காய்ச்சலும் எடைக் குறைவும் உடன் வரலாம். ஊசியால் எடுத்த சிறு மாதிரியைச் சோதித்து நோயை உறுதிசெய்கின்றனர். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் மருந்துக்குக் கட்டணம் இல்லை. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் மாதம் ரூ.1,000 நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது ரூ.500ஆக இருந்தது. கணக்கு செயல்பாட்டில் இருப்பதையும் ஆதார் இணைப்பு சரியாக இருப்பதையும் உறுதிசெய்துகொண்டால் தொகை தடையின்றி வந்து சேரும்.

அஞ்சாமல் பேச வேண்டியது

இப்போது பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் காரணத்துக்கு வருவோம். மார்பகப் புற்றுநோய் பரவும்போது முதலில் சென்றடையும் இடங்களில் ஒன்று அக்குள் கணு. சிலருக்கு மார்பகத்தில் ஏதும் தட்டுப்படும் முன்பே அக்குளில் கட்டி தெரியவரும். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022ஆம் ஆண்டில் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இது புதிதாக ஏற்பட்டதாக உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. ஆண்களுக்கும், அரிதாகவே எனினும், மார்பகப் புற்றுநோய் வரும். நிணநீர் மண்டலத்திலேயே தோன்றும் புற்றுநோயும் அக்குள் வீக்கமாக வெளிப்படலாம். இரவில் உடை நனையும் அளவு வியர்வை, காரணமற்ற காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை அதனுடன் வரலாம்.

இங்கு ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். வலிக்கும் கட்டியைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். வலிக்காத கட்டியை அலட்சியம் செய்கிறோம். ஆனால் வலி, சூடு, சிவப்பு ஆகியவை பெரும்பாலும் கிருமித் தொற்றின் அடையாளங்கள். கவலைக்குரிய கட்டியோ பல வேளைகளில் வலிப்பதே இல்லை. கல்போல் கெட்டியாக, அடித்திசுவோடு ஒட்டி நகராமல், வாரக்கணக்கில் குறையாமல் இருப்பதே அதன் இயல்பு. வலியின்மை நலத்துக்குச் சான்றாகாது.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கென வகுத்துள்ள இலக்குகளில் ஒன்று, அறிகுறியுடன் ஒருவர் முதன்முதலாக மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது. பெருநகரத்தில் வாழ்பவருக்கே 60 நாள் விரைவில் கரைந்துவிடும். கமோர்ட்டாவிலோ கேம்ப்பெல் பேயிலோ வாழ்பவர், கப்பல் வரும் நாளையும் கடலின் நிலையையும் பார்த்தே தலைநகரமான ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது முன்னாள் போர்ட் பிளேயருக்கு, வர முடியும். அங்குள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்குச் சென்னை செல்ல நேர்ந்தால், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். வழியில் செலவாகும் நாள்களைக் குறைப்பது நம் கையில் இல்லை. முதல் பரிசோதனைக்குச் செல்லும் நாளை முன்னதாக்குவது மட்டுமே நம் கையில் உள்ளது.

தமிழர்க்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே, பிறர் வீட்டில் அது நேராதிருக்க வேண்டும் என்னும் உறுதியாக அவருள் வளர்ந்து, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அன்று இல்லாத பரிசோதனைகளும் மருந்துகளும் இன்று உள்ளன. காலத்தோடு செல்வோருக்கே அவை முழுப் பயன் தருகின்றன.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

கையை உயரத் தூக்கினால் அக்குளின் தோல் இறுகிவிடும். ஆழத்தில் உள்ளவை தட்டுப்படா. கையை மேசை மீதோ மடியிலோ தளர்வாக வைத்துக்கொண்டு, மறு கையின் மூன்று விரல் நுனிகளால் அக்குளின் உச்சியிலிருந்து விலாப்பக்கமாக மென்மையாக அழுத்தி வர வேண்டும். இரு பக்கங்களையும் ஒப்பிட வேண்டும். சிறு கட்டி தென்பட்டால் அன்றைய தேதியையும் தோராயமான அளவையும் நாள்காட்டியில் குறித்துவைக்கலாம். நாள்தோறும் அழுத்திப் பார்ப்பது வேண்டா. அதனாலேயே வலியும் வீக்கமும் கூடும்.

கீழ்க்காணும் நிலைகளில் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்:

• இரண்டு வாரங்களுக்கு மேல் குறையாத, அல்லது வளர்ந்து வரும் கட்டி
• கெட்டியான, நகராத, வலியற்ற கட்டி
• மார்பகத்தில் கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு
• கழுத்திலோ தொடை இடுக்கிலோ சேர்ந்தே நெறிகட்டுதல்
• நீடித்த காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு
• காய்ச்சலுடன் கருநிறப் பொருக்கு (இதற்கு இரண்டு வாரம் காத்திருக்கலாகாது, அன்றே செல்ல வேண்டும்)

மருத்துவர் முதலில் கையால் பரிசோதிப்பார். பின்னர் தேவைக்கேற்ப இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், பெண்களுக்கு மார்பகக் கதிர்ப்படம் ஆகியவற்றைப் பரிந்துரைப்பார். ஐயம் நீடித்தால் ஊசி மூலம் சிறிது திசு எடுத்துச் சோதிப்பார். ‘ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும்’ என்னும் அச்சம் பரவலாக உள்ளது. அதற்கு அடிப்படை இல்லை. என்ன நோய் என்று அறியாமலேயே காசநோய் மருந்தையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ தொடங்குவதுதான் உண்மையான ஆபத்து. ஸ்டீராய்டு வீக்கத்தைத் தற்காலிகமாக அடக்கி, நோயின் அடையாளத்தை மறைத்துவிடும். நறுமணத் தெளிப்பான்களால் மார்பகப் புற்றுநோய் வரும் என்னும் செய்தியும் நிறுவப்பட்டதன்று. தோல் ஒவ்வாமை வேண்டுமானால் வரலாம்.

செலவைப் பற்றி ஒரு சொல்

மருத்துவரைக் காணத் தயங்குவோரில் பலர் நோய்க்கு அஞ்சுவதைவிடச் செலவுக்கே அஞ்சுகின்றனர். சில செய்திகள் அவர்களுக்கு உதவக்கூடும். ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கியத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. திட்டத்தில் சேருமுன்பே இருந்த நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்த அனைவரும் வருமான வரம்பின்றி இதில் சேரலாம். தீவில் பெற்ற அட்டை, திட்டத்தில் இணைந்த சென்னை மருத்துவமனையிலும் செல்லும்.

தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்போர், உடலில் கட்டி இருப்பதை அறிந்திருந்தால் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும். மறைத்தால், உரிமைத்தொகை கோரும் நாளில் மறுக்கப்பட அதுவே காரணமாகலாம். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதங்கள். ஆகவே நலமாக இருக்கும்போதே காப்பீடு எடுப்பது அறிவுடைமை. தீவில் வாழும் குடும்பத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. கப்பல் அல்லது விமானக் கட்டணம், உடன் வருபவர் தங்கும் செலவு ஆகியவற்றைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. இதற்கென ஒரு சிறு தொடர்வைப்பு அல்லது தனிச் சேமிப்புக் கணக்கு இருந்தால், ‘அடுத்த மாதச் சம்பளம் வரட்டும்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியிராது.

30 வயது கடந்த பெண்களும் ஆண்களும் அருகிலுள்ள ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திரில் வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு. வீட்டில் உள்ள தாய், மனைவி, மகள், தங்கை ஆகியோரிடம் இதைச் சொல்ல வேண்டியது ஆண்களின் கடமையும் ஆகும். குடும்பத்துக்காக எல்லாக் கணக்கும் பார்க்கும் பெண்கள் தம் உடல்நலத்தைக் கணக்கின் கடைசி வரியில் வைத்துவிடுகின்றனர்.

அக்குள் கட்டிகளுள் பெரும்பாலானவை சில நாள்களில் மறைந்துபோகும். எஞ்சியவற்றுள்ளும் பல, எளிய மருந்தால் குணமாகும். மிகச் சிலவே கடுமையானவை. அவையும் தொடக்கத்தில் பிடிபட்டால் வெல்லத்தக்கவை. எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. இரண்டு வாரத்துக்குள் அவர் முன் சென்று அமர்வது நம் வேலை.